பாதியில் நின்றுவிடும் குமிழ்

அந்தக் குமிழை இடது கோடியிலிருந்து மெல்லத் திருப்பினால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வந்தது. பாதி தூரம் வரைக்கும்தான். அதற்கு மேல் குமிழ் மட்டும் திரும்பியது. சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

காதண்ணன் மறுபடி இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். மங்கல், கொஞ்சம் தெளிவு, இன்னும் தெளிவு, பாதி. பிறகு ஒன்றுமில்லை. குமிழில் ஆட்டம் இல்லை, சிக்கல் இல்லை. வழுக்கிக்கொண்டு போய் வலது கோடியில் முட்டி நின்றது. பாதி வழியிலேயே வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டது போல இருந்தது.

சாப்பாட்டு மேசைமேல் இருந்தது அந்த சிந்தசைசர். சாம்பல் நிறப் பெட்டி. முன்னால் குட்டிக் கட்டைகள், மேலே வரிசையாகக் குமிழ்கள், சத்தம் வெளியே வர முதுகில் ஒரே ஒரு துளை. பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையில் அவருடைய கைக்கு எட்டுகிற விலையில் இரண்டுதான் இருந்தன. ஒன்று இது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். இன்னொன்று வெள்ளை நிறம், பெரியது. பல சுரங்களை ஒன்றாக வாசிக்கும், திரை உண்டு, சத்தத்தை இடமும் வலமுமாக விரித்துக் காட்டும். விலை கொஞ்சம் இடித்தது. கடைக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு சாம்பல் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். சனிக்கிழமைக்குள் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பலாம். பெட்டியின் திருகாணிமேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துத் திறந்தால் மட்டும் திருப்புகிற பேச்சே கிடையாது.

வீட்டில் அவர் மனைவி போட்ட சட்டம் இன்னும் கறார். "ஒண்ணு வாங்கிக்குங்க. ஒண்ணுதான். அப்புறம் இது சரியில்ல, அது இதைவிட நல்லாருக்குன்னு வந்து நிக்கக் கூடாது. துணி துவைக்கிற மிஷினைத் தள்ளிப் போட்டுட்டு சத்தம் போடுற மிஷின் வாங்குற ஒரே வீடு நம்ம வீடுதான்."

அதனால்தான் இந்தப் பாதிக் குமிழ் அவரைத் தின்றது. பழுதான பெட்டியை வாங்கித் தலையில் கட்டிக்கொள்ளவும் முடியாது, இல்லாத பழுதைச் சொல்லி நல்ல பெட்டியை விட்டுவிடவும் முடியாது.

அந்தக் குமிழ் என்ன செய்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டால் சுவர் வழியாக நமக்கு என்ன கேட்கிறது? தொம் தொம் என்ற அடி மட்டும். பாடுகிறவரின் வாயில் வரும் மெல்லிய சீறல்கள், கம்பியின் கிணுகிணுப்பு எதுவும் வராது. கனத்த சத்தம் சுவரைத் தாண்டிவிடும், மெல்லிய கூர்மையான சத்தம் சுவரில் செத்துவிடும். சிந்தசைசரில் ஃபில்டர் என்பது அப்படி ஒரு சுவர். என்ன வித்தியாசம் என்றால், இந்தச் சுவரின் கனத்தை நாமே ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம். இடது கோடியில் அது கோட்டைச் சுவர். வலது பக்கம் போகப் போக செங்கல் சுவர், பலகை, துணி, காகிதம். கடைசியில் சுவரே இல்லை, வெட்டவெளி. முதலில் கரடுமுரடாக, எல்லாம் கலந்த ஒரு முழுச் சத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, பிறகு வேண்டாததைச் சுவர் வைத்துத் தடுத்து நமக்கு வேண்டிய சத்தத்தைச் செதுக்கி எடுப்பதுதான் இந்தக் கருவியின் சூட்சுமமே. அவருடைய பெட்டியில் சுவர் பலகை வரைக்கும் மெலிந்தது. அதற்கப்புறம் மெலிய மறுத்தது.

"என்ன மாமா, இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?" மாடி வீட்டு மச்சினன் படியிறங்கி உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கிறவன். "நான்தான் சொன்னேனே, போன்லயே ஆப் இருக்கு. இனாம்."

"ஆப்ல திருப்பறதுக்கு நாப் இருக்காடா? கண்ணாடியத் தடவிக்கிட்டு உக்காரச் சொல்றியா? இந்தா, இதைக் கேளு. பாதிக்கு மேல ஏதாவது மாறுதா பாரு."

மச்சினன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழை வேகமாக ஒரு முழுச் சுற்று சுற்றினான். முகத்தைச் சுளித்தான். "எனக்கென்ன தெரியும் மாமா. மொதல்ல தவளை, கடைசில கொசு. இதுக்கா இவ்வளவு காசு?"

"கிண்டல் பண்ணாம உன் ஹெட்போனைக் கொண்டாடா. இதுல கோளாறான்னு பாக்கணும்."

மச்சினனின் ஹெட்போனிலும் அதேதான். மங்கல், தெளிவு, பாதி, நின்றது. காதண்ணன் எப்போதும்போல ஹெட்போனின் வலது கிண்ணத்தை மட்டும் காதில் வைத்து, இடதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். வீட்டில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

அந்தப் பெயர் அவருக்கு வந்தது தொழிற்சாலையில். தகட்டைக் குத்தி வெட்டும் பெரிய பிரஸ்களில் டை என்கிற வெட்டு அச்சை மாட்டி, சரிபார்த்து ஓட விடுவது அவர் வேலை. பஞ்ச் என்கிற வெட்டும் உளி கூராக இருந்தால், பிரஸ் இறங்கும் ஒவ்வொரு தடவையும் 'தொம்' என்ற அடிக்கு மேலே மயிரிழை போல ஒரு 'சிர்' கேட்கும். உளி மழுங்க ஆரம்பித்தால் அந்த 'சிர்' முதலில் கரகரக்கும், பிறகு காணாமல் போகும். அதற்கப்புறம்தான் வெட்டிய துண்டின் ஓரத்தில் பிசிர் வரும். பிசிர் வருவதற்கு முன்பே, சத்தத்தை வைத்தே மெஷினை நிறுத்தச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். இளவட்டங்கள் காதண்ணே என்பார்கள், சூப்பர்வைசர் வெறும் காது என்பார்.

கேட்பதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. அங்கே எல்லோரும் காதில் பஞ்சு போன்ற இயர் பிளக் செருகிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். டை மாற்றியதும் அவர் வலது பக்க பிளக்கை மட்டும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வலது காதை டை இருக்கும் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். இடது பக்க பிளக்கைத் தொடவே மாட்டார். அந்தப் பக்கம் இன்னொரு பிரஸ் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அவர் காதைச் சாய்த்தால் சுற்றியிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அந்த 'சிர்'ரைத்தான் அவர் சிந்தசைசரில் செய்ய நினைத்தார். இத்தனை வருஷம் கேட்டே பிழைத்த சத்தத்தை, கேட்பதற்கென்றே ஒரு தடவை தன் கையால் உண்டாக்க வேண்டும், அதை வைத்து ஏதாவது வாசிக்க வேண்டும் என்று ஆசை. தொம் சீக்கிரமே வந்துவிட்டது. சிர் வரவில்லை. அது குமிழின் மேல் பாதியில்தான் இருக்க வேண்டும். அங்கேதான் ஒன்றுமே இல்லையே.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் பெட்டியைத் துணிப்பையில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனார்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஹெட்போனை மாட்டிக் குமிழை மேலும் கீழும் இரண்டு தடவை திருப்பினார். "பளிச்சுனு இருக்கேண்ணே. கடைசி வரைக்கும் போகுது."

"எங்க போகுது? பாதியில நிக்குது."

"சரி, அந்த வெள்ளையப் பாருங்க. அதுலயும் ஃபில்டர் இருக்கு."

காதண்ணன் வெள்ளைப் பெட்டியின் ஹெட்போனை வலது காதில் வைத்தார். அதிலும் சத்தம் திறந்துகொண்டு வந்தது, பாதி வந்தது, நின்றது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த ஹெட்போன்களில் விலை கூடியதை எடுத்துக் கொடுத்தார். அதிலும்.

"ரெண்டும் ஒரே எடத்துல கெட்டுப் போகுமாண்ணே?" கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது போலவும், அதைச் சொல்வது கடைக்காரன் வேலையில்லை என்று நினைப்பது போலவும் இருந்தது. "வீட்ல யாரையாவது கேக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை வந்து சொல்லுங்க. அவசரமில்ல."

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷினில் கோளாறு வந்தால் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஹெட்போனை மாற்றியாகிவிட்டது, கோளாறு போகவில்லை. பெட்டியை மாற்றியாகிவிட்டது, போகவில்லை. வீட்டை விட்டுக் கடைக்கே போயும் போகவில்லை. மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

தவளை, கொசு என்று மச்சினன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவன் கிண்டல் பண்ணவில்லை. அவனுக்குக் கொசு கேட்டிருக்கிறது.

போன மாதம் இரண்டு தடவை பிசிரோடு துண்டுகள் வெளியே போய்விட்டன. இரண்டு தடவையும் காதைச் சாய்த்து, சரி ஓட்டு என்று சொன்னவர் அவர். "என்ன காது, தூங்கிட்டியா?" என்றார் சூப்பர்வைசர். தகடு மட்டமான தகடு என்று அவர் பதில் சொல்லியிருந்தார். அதை மனதாரச் சொல்லியிருந்தார்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தார்.

மனைவி சலவைக்கடை வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து அவருடைய இடது பக்கம் மாறிக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "ஏன் மாறி உக்காந்த?"

"அந்தப் பக்கம் உக்காந்து பேசுனா சுவத்துக்கிட்டப் பேசுற மாதிரி. ரெண்டு வருஷமா இப்படித்தான் உக்கார்றேன். இப்பத்தான் கண்ணுல படுதாக்கும்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு? கடைக்காரன் ஏதாவது சொன்னானா?"

அவர் பெட்டியை மேசைமேல் வைத்து ஹெட்போனை அவளிடம் நீட்டினார். "இதை மாட்டிக்கிட்டு நான் திருப்பத் திருப்ப எப்ப நிக்குதுன்னு சொல்லு."

அவள் மாட்டிக்கொண்டாள். பாதியைத் தாண்டியதும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை. முக்கால் பாகத்தில் கண்ணைச் சுருக்கினாள். கோடியில் ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தாள். "அப்பா! காதைக் குத்துது. இதையா நாலு நாளா கேட்டுக்கிட்டிருக்கீங்க?"

"இல்ல," என்றார் காதண்ணன். "இதை நான் கேக்கவே இல்ல."

ஹெட்போன் மேசையில் கிடந்தது. அதிலிருந்து கொசு போல ஏதோ கசிந்துகொண்டிருக்க வேண்டும். அவள் கை நீட்டி ஒலியளவைக் குறைத்தாள்.

"எதுவரைக்கும் கேக்குதுன்னு சரியாப் பாத்துடலாம்," என்றார் அவர். குரல் வேலை நேரத்துக் குரலாக மாறியிருந்தது.

ஃபில்டருக்குப் பக்கத்தில் ரெசனன்ஸ் என்று ஒரு குமிழ் உண்டு. சுவரின் விளிம்பில் எந்தச் சத்தம் மோதுகிறதோ அதை மட்டும் ஊதிப் பெரிதாக்குவது அதன் வேலை. அதைக் கோடிக்குத் திருகிவிட்டால், சில பெட்டிகளில் ஃபில்டர் தானாகவே விசிலடிக்க ஆரம்பித்துவிடும். கட்டையைத் தொடவே வேண்டாம். ஃபில்டர் குமிழை மேலே ஏற்ற ஏற்ற விசிலும் மேலே ஏறும், சுத்தமான ஒற்றைக் கோடாக. காது பரிசோதிக்கும் இடத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஒலிக்கிற சத்தமும் ஏறக்குறைய இதுதான். காதைப் பதம் பார்த்துவிடும் என்பதால் ஒலியளவை மிகக் கீழே வைத்தார்.

வலது காதில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு திருப்பினார். விசில் ஏறியது, மெலிந்தது, போய்விட்டது. குமிழ் பாதியில் இருந்தது. அந்த இடத்தில் பெட்டியின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார். மனைவி மாட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஏறக்குறைய கோடிவரை கேட்டது. அங்கேயும் ஒரு டேப். இரண்டு டேப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பிக் கொடுத்துடறேன்," என்றார். "எனக்குக் கேக்காத சத்தத்துக்கு எனக்கெதுக்கு மிஷின். நீ துணி மிஷின் வாங்கிக்க."

"இப்ப யார் துணி மிஷினைக் கேட்டா?"

"தொழிற்சாலையில என் பேரே காது."

"தெரியும். எனக்கே அப்படித்தானே போன் வருது, காதண்ணன் வீடான்னு." அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவை வைங்க. நான் திருப்பறேன். நீங்க திருப்புனா முன்னாடியே மனசுல நிறுத்திடறீங்களோ என்னவோ."

அவள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனின் கம்பி குட்டையானது. எழுந்து சுற்றி வர அலுப்புப்பட்டு, கைக்கு எட்டிய காதில், இடது காதில், கிண்ணத்தை வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் குமிழைத் திருப்பினாள்.

விசில் ஏறியது. முதல் டேப்பைத் தாண்டியது. மெலிந்தது, ஊசியானது, நூலானது, இன்னும் இருந்தது. அவளுடைய டேப்புக்குச் சற்று முன்னால் நின்றது.

"மறுபடி," என்றார்.

அவள் மறுபடி திருப்பினாள். அதே இடம். அவர் ஹெட்போனைப் பிடுங்கி வலது காதில் வைத்தார், பாதியில் நின்றது. இடது காதில் வைத்தார், போய்க்கொண்டே இருந்தது. மாற்றாமல் விட்டது ஒன்றுதான் என்று பேருந்தில் நினைத்தாரே, அந்தக் காது ஒன்றல்ல, இரண்டு.

பிறகு விஷயம் தானாகவே வந்து வரிசையில் நின்றது. இத்தனை வருஷமும் இடது காது பிளக்குக்குள் பத்திரமாக இருந்தது. அதை அவர் எதற்கும் நம்பியதில்லை. நம்பியதெல்லாம் வலது காதை. முக்கியமான சத்தம் என்றால் பிளக்கை உருவி அதைத்தான் அனுப்பினார், பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால். நல்ல காது என்று நினைத்ததையே எடுத்தெடுத்துச் செலவழித்துவிட்டார். செல்போனை எப்போதிலிருந்து இடது கையில் பிடிக்க ஆரம்பித்தார் என்று யோசித்தார். வலது கையில் எண்ணெய்ப் பிசுக்கு என்று தனக்கே காரணம் சொல்லியிருந்தார்.

"போனது திரும்புமா?" என்று கேட்டாள் மனைவி.

"டாக்டர்கிட்ட காட்டணும். ஆனா இது திரும்பற ஜாதி இல்லன்னு நினைக்கிறேன். மழுங்குன உளியைச் சாணை பிடிக்கலாம். இதைப் பிடிக்க முடியாது."

"அப்ப அந்தக் காதாவது இருக்கட்டும். நாளைக்கு பிளக்கை எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அவளுக்கு அது போதவில்லை. "வாயால சொல்லுங்க."

"எடுக்க மாட்டேன்."

மறுநாள் புது டை ஏறியது. ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். கை பழக்கத்தில் வலது காதுவரை போயிற்று. அங்கிருந்த பிளக்கை இன்னும் உள்ளே அழுத்திவிட்டு இறங்கியது. முதல் துண்டுகள் விழுந்ததும் ஒன்றை எடுத்து, ஓரத்தில் நகத்தை மெல்ல இழுத்தார். பிசிர் இருந்தால் நகம் மாட்டும். மாட்டவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

சூப்பர்வைசர் கிட்டே வந்து காதருகே கத்தினார். "என்ன காது, கேக்கலையா?"

"இல்ல," என்று கத்தினார் காதண்ணன். "வலது பக்கம் கேக்கல. இனிமே நகத்தால பாக்கறேன். அப்பப்ப துண்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க."

"நேரமாகுமேய்யா."

"ஆகும்."

போன மாதத்துப் பிசிர் சூப்பர்வைசருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அப்ப உன்னை இனிமே நகம்னு கூப்பிடணுமா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காதண்ணனும் சிரித்தார். ஆனால் பேச்சை நிறுத்தி அவருக்காகக் காத்திருந்த அந்த அமைதி இனி இருக்காது என்பது அவருக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அது முள்ளாகக் குத்தியது. மாலையில் காது மருத்துவரைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை கடைக்குப் பெட்டியில்லாமல் போனார்.

"வெள்ளை வேணுமாண்ணே? பணம் கொஞ்சம் சேத்துப் போட்டா..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"வேணாம். அது சத்தத்தை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு காதுக்கும் வேற வேறயாக் கொடுக்குது. அதோட அழகே அதுலதான். எனக்குப் பாதிதான் கிடைக்கும். சாம்பல்ல ஒரே ஓட்டைதான், ஒரே சத்தம்தான். ஒத்தக் காதுக்கே முழுசா வந்துடும். அதையே வெச்சுக்கறேன்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு ரசீது எழுத ஆரம்பித்தார்.

வீட்டில் அவர் சாம்பல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே செய்த தொம்மோடு கரகரப்பான இரைச்சலைக் கலந்து, ஃபில்டரை முதல் டேப்புக்கு மேலே ஏற்றினார். மனைவி ஒரு கிண்ணத்தைத் தன் காதில் ஒட்டவைத்துக்கொண்டு, "இன்னும், இன்னும், ஆங், அங்கதான் குத்துது, கொஞ்சம் இறக்குங்க," என்றாள். இறக்கினார். கட்டையைத் தொட்டார். தொம் என்ற அடிக்கு மேலே, மயிரிழையாக, சிர்.

குமிழில் ஒரு கோளாறும் இல்லை. அது கோடிவரை வேலை செய்தது. ஹெட்போனை இடது காதில் வைத்துக் கேட்க வேண்டும். முதல் டேப்புக்கு மேல் போகும்போது வலது காதை நம்பக் கூடாது. இரண்டாவது டேப்பை நெருங்கினால் மனைவியைக் கேட்க வேண்டும். பிரஸ் ஓடும்போது இரண்டு பிளக்கும் உள்ளேயே இருக்க வேண்டும்.